கல்லுக்குள் பாசி: அண்டார்க்டிகாவின் உலர் பள்ளத்தாக்குகளில் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

1903 டிசம்பரில் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட், எட்கர் எவன்ஸ், வில்லியம் லாஷ்லி என்ற மூன்று பேர் அண்டார்க்டிகாவின் பனிப் பீடபூமியில் இருந்து திரும்பும் வழியில் ஒரு பனியாற்றின் மேல் இறங்கி வந்தார்கள். பல வாரங்களாகப் பனியைத் தவிர வேறெதையும் பார்க்காத கண்கள். பனியாறு முடிந்த இடத்தில் திடீரென்று வெறும் மண். மணல், கூழாங்கல், நடுவில் சலசலத்து ஓடும் ஒரு சின்ன ஓடை. உருளைக்கிழங்கு போட அருமையான இடம் என்று லாஷ்லி சொன்னாராம். ஸ்காட்டுக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் உயிர்கூட இல்லை, பாசியோ கற்பாசியோகூட இல்லை என்று எழுதினார். கடலில் இருந்து வெகுதூரம் உள்ளே வெட்டல் சீல் என்ற கடல்நாய் ஒன்றின் எலும்புக்கூடு மட்டும் கிடந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. அந்த இடத்தை இறந்தவர்களின் பள்ளத்தாக்கு என்றே குறிப்பிட்டார்.

இன்று அதற்கு டெய்லர் பள்ளத்தாக்கு என்று பெயர். மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் என்ற தொகுப்பில் ஒன்று. பூமியில் குளிரும் வறட்சியும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் இடங்களைத் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்தப் பகுதிதான். ஸ்காட் சொன்னது தவறு என்று நிரூபிக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு, அவர் சொன்னது சில இடங்களுக்குச் சரியாக இருக்குமோ என்ற சந்தேகம் வர இன்னும் நாற்பது ஆண்டுகள். இந்த நூறு ஆண்டுக் கதையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. அங்கே உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர்கள் எல்லாரும் பாதிதான் சரி. இருப்பது ஒன்று, வாழ்வது வேறொன்று. மற்ற இடங்களில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே வராது. இங்கே வருகிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். அண்டார்க்டிகாவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூடப் பனியற்ற நிலம் இல்லை. அதில் மிகப் பெரிய துண்டு இந்தப் பள்ளத்தாக்குகள்: சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். கண்டத்தின் உட்பகுதியில் இருந்து கடலை நோக்கி நகரும் பனியை டிரான்ஸ் அண்டார்க்டிக் மலைத்தொடர் அணைபோலத் தடுத்து நிறுத்துகிறது. பீடபூமியில் குளிர்ந்து கனத்த காற்று மலையிடுக்குகள் வழியாகச் சரிந்து இறங்குகிறது. இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, ஈரப்பதம் இன்னும் குறைந்து, வழியில் இருக்கும் பனியை உறிஞ்சிக்கொண்டு போகிறது. இங்கே இருபது லட்சம் ஆண்டுகளாக ஒரு சொட்டு மழை இல்லை என்று சமூக வலைத்தளங்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆண்டுக்கு, உருக்கி நீராக அளந்தால், 3 முதல் 50 மில்லிமீட்டர் வரை பனி விழுகிறது. பிரச்சினை விழுவதில் இல்லை, நிற்பதில்தான். விழுந்த பனியில் பெரும்பகுதி உருகித் தண்ணீராவதற்குள் நேராக ஆவியாகிப் போய்விடுகிறது. ஆண்டின் சராசரி வெப்பநிலை பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் மைனஸ் 15 முதல் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ்.

இந்த எண்ணைப் பார்த்ததும் குளிர்தான் எதிரி என்று நினைத்துவிடுகிறோம். வீட்டு ஃப்ரீசரை நினைத்துப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் மீன் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அதில் ஒட்டியிருந்த பாக்டீரியா எல்லாம் செத்துவிட்டதா? இல்லை. வெளியே எடுத்து வைத்தால் ஒரு பகலில் நாற்றம் எடுக்கிறது. குளிர் அவற்றைக் கொல்லவில்லை, தண்ணீரைப் பறித்துக்கொண்டது. பனிக்கட்டியாக உறைந்த நீர் செல்லுக்குப் பயன்படாது. கருவாடு கெடாததற்கும் காரணம் அதேதான். அங்கே உப்பும் வெயிலும் செய்த வேலையை இங்கே உறைநிலை செய்கிறது.

ஆய்வகங்களில் ஒரு பாக்டீரியாவைப் பத்திருபது ஆண்டுகள் உயிரோடு பத்திரப்படுத்த வேண்டும் என்றால் என்ன செய்கிறார்கள்? உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் அடைத்துவிடுகிறார்கள். குளிர், வறட்சி, இரண்டும் சேர்ந்தது. உலர் பள்ளத்தாக்கு இதையே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. ஆக, வளர்வதற்கு உலகிலேயே மோசமான இடம், அழியாமல் கிடப்பதற்கு உலகிலேயே நல்ல இடமாகவும் இருக்கிறது. இந்தக் குழப்பம் கட்டுரை முழுக்க நம்மைத் தொடரும்.

சரி, ஒரு நுண்ணுயிர் எவ்வளவு குளிரில் வளர முடியும்? கனடாவின் வட துருவப் பகுதியில் நிரந்தரமாக உறைந்த மண்ணில் இருந்து எடுத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் என்ற பாக்டீரியா, ஆய்வகத்தில் உப்பு நிறைந்த கரைசலில் மைனஸ் 15 டிகிரியில் பெருகிக் காட்டியது. மைனஸ் 25இலும் அதன் செல்லுக்குள் வேதிவினைகள் நடந்தன. 2013இல் வெளியான முடிவு இது. பெருகியது என்றதும் ஏதோ அவசரமாக நடந்தது போல எண்ண வேண்டாம். ஒன்று இரண்டாவதற்கு ஐம்பது நாள். நம் குடலில் இருக்கும் ஈ. கோலை, வசதியான சூழலில் அதை இருபது நிமிடத்தில் முடித்துவிடும்.

அந்த உப்புதான் அங்கே ரகசியம். உப்பு நீர் உறைய இன்னும் அதிகக் குளிர் தேவை என்பதால் செல்லைச் சுற்றித் திரவம் மிச்சம் இருக்கிறது. ஆனால் உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நீர் அளவில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு மற்ற மூலக்கூறுகளின் பிடியில் சிக்காமல் செல்லுக்குக் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. இதை நீர்ச் செயல்திறன் என்கிறார்கள். தூய நீருக்கு 1. தேனுக்கு 0.6 பக்கம். உயிர் வளர்ச்சியின் அறியப்பட்ட கீழ் எல்லையும் கிட்டத்தட்ட அதே 0.6தான், அதுவும் சில பூஞ்சைகளுக்கு மட்டும். தேன் ஏன் கெடுவதில்லை என்பதற்கு இதுதான் பெரும்பகுதி விடை.

உலர் பள்ளத்தாக்குகளிலேயே இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. ரைட் பள்ளத்தாக்கில் டான் ஹுவான் குளம் என்று கணுக்கால் அளவு ஆழமுள்ள ஒரு குட்டை. 1961இல் அதைக் கண்டுபிடித்தபோது அங்கே போன இரண்டு ஹெலிகாப்டர் ஓட்டிகளான டான், ஜான் இருவர் பெயரையும் சேர்த்து விளையாட்டாக வைத்த பெயர் அது. எடையில் 40 சதவீதத்துக்கு மேல் உப்பு, பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. கண்ணுக்குத் தண்ணீர்தான், ஆனால் அந்தத் தண்ணீர் மொத்தமும் உப்பின் பிடியில் இருக்கிறது. திரவம் இருந்தால் உயிர் இருக்கும் என்று செவ்வாயைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் குட்டையை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

குளிரைத் தாங்க செல்கள் செய்யும் ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பாடப்புத்தகங்களில் நிறையவே இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்த நெய் கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் ஆகாது. குளிர்ப் பகுதி பாக்டீரியாக்கள் தங்கள் செல் சவ்வின் கொழுப்பை நெய்யில் இருந்து எண்ணெய்ப் பக்கம் நகர்த்திக்கொள்கின்றன. நொதிகள் சற்றுத் தளர்வான கட்டமைப்பில் இருக்கின்றன, இல்லாவிட்டால் குளிரில் விறைத்து வேலை செய்யாது. பனித்துகள் பெரிதாக வளர்ந்து செல்லைக் குத்திவிடாமல் தடுக்கும் புரதங்கள் உண்டு. வழவழப்பான சர்க்கரைப் பசையால் தங்களைச் சுற்றிப் போர்த்திக்கொள்வதும் உண்டு. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பாலைச்சோலையின் மண்ணில் இருந்து, ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த எஸ். சிவாஜியும் குழுவினரும் இப்படிப்பட்ட குளிர்தாங்கிகளில் பல புதிய இனங்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். 1992இல் அவர்கள் பெயரிட்ட ஒன்று ஸ்பிங்கோபாக்டீரியம் அண்டார்க்டிகம்.

வறட்சி கொடுக்கும் தொல்லை வேறு ரகம். நீர் வெளியேறும்போது புரதங்கள் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, சவ்வு மடிந்து கிழிகிறது, டிஎன்ஏ துண்டு துண்டாக உடைகிறது. டிரெஹலோஸ் என்ற சர்க்கரை நீர் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கண்ணாடிபோல உறையவைத்துப் பிடித்துக்கொள்கிறது. உடைந்த டிஎன்ஏவை ஒட்டுவது ஈரம் திரும்பியதும் செய்யும் முதல் வேலை. கதிர்வீச்சைத் தாங்குவதற்குப் பேர்போன டைனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் புரியாமல் இருந்தது. பூமியில் எங்கே அவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது? 1996இல் ஒரு விடை கிடைத்தது: கதிர்வீச்சைத் தாங்க முடியாதபடி மாற்றிய வகைகள் உலர்வதையும் தாங்க முடியாமல் செத்தன. உலர்ந்து பிழைக்கக் கற்றுக்கொண்டது, கதிர்வீச்சுத் தாங்கும் திறனும் கூடவே வந்துவிட்டது.

உலர்ந்து கிடந்து பிழைப்பது என்றால் என்ன என்பதை நேரில் பார்த்த ஒரு சோதனை உண்டு. டெய்லர் பள்ளத்தாக்கில் பனியாறுகள் கோடையில் லேசாக உருகிச் சில வாரங்கள் மட்டும் ஓடைகள் ஓடும். அவற்றின் அடியில் சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசி, ஆரஞ்சும் கறுப்புமாக விரிப்புபோலப் படர்ந்திருக்கும். ஓடை ஒன்று பாதை மாறிப் போனதில் சுமார் இருபது ஆண்டுகளாகத் தண்ணீரே பார்க்காத பழைய வாய்க்கால் ஒன்று இருந்தது. டயான் மெக்நைட் என்ற நீரியல் அறிஞரின் குழு 1990களின் நடுவில் ஓடையை மறித்துத் தண்ணீரை அந்தப் பழைய வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டது. ஒரு வாரத்துக்குள் பாசி விரிப்புகள் துளிர்த்து நிறைந்துவிட்டன. வேறெங்கிருந்தோ வந்து குடியேறியவை அல்ல, அங்கேயே கருகிய தாள்போலக் கிடந்தவைதான். நம்மூரில் முதல் மழைக்கு ஏரியில் தவளை கத்தத் தொடங்குவது போன்ற காட்சி. இடைவெளி மட்டும் இருபது வருடம்.

பாசிக்காவது ஓடை என்று ஒன்று வாய்த்தது. ஓடைக்கு அப்பால், மேட்டில் இருக்கும் மண்ணும் பாறையும்தான் உண்மையான சோதனைக்களம். அங்கேதான் ஒரு பெரிய சண்டையும் நடந்தது.

1960களின் இறுதியில் நாசா செவ்வாய்க்கு வைக்கிங் விண்கலங்களை அனுப்பும் ஏற்பாட்டில் இருந்தது. செவ்வாயின் மண்ணில் உயிர் தேடும் கருவிகளை முன்கூட்டி ஒத்திகை பார்க்க உலர் பள்ளத்தாக்குகள் தோதாக அமைந்தன. கருவி ஒன்றை வடிவமைத்த நார்மன் ஹொரோவிட்ஸ், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1972இல் ஒரு முடிவை வெளியிட்டார்: அங்கே சில மண் மாதிரிகளில் வளரக்கூடிய நுண்ணுயிரே இல்லை. பூமியிலேயே, காற்றில் ஓயாமல் நுண்ணுயிர்கள் வந்து விழும் இடத்திலேயே, மண் மலடாக இருக்க முடியும் என்றால் செவ்வாயில் என்ன எதிர்பார்ப்பது?

வுல்ஃப் விஷ்னியாக் இதை ஏற்கவில்லை. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர். உயிரியல் ஆய்வுக்கென்று நாசா கொடுத்த முதல் நிதியுதவியை 1959இல் பெற்றவர் அவர்தான். செவ்வாய் மண்ணை ஊட்டச்சாற்றில் போட்டு, சாறு கலங்குகிறதா என்று பார்க்கும் எளிமையான கருவி அவருடையது. வுல்ஃப் டிராப் என்று அவர் பெயரிலேயே அழைத்தார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று 1972இல் அந்தக் கருவியை வைக்கிங்கில் இருந்து எடுத்துவிட்டார்கள். பத்தாண்டு உழைப்பு போனது. வேறொருவராக இருந்தால் ஒதுங்கியிருப்பார். விஷ்னியாக் அண்டார்க்டிகாவுக்குப் போனார். அவருடைய வாதம் இதுதான்: மண்ணை ஆய்வகத்துக்கு எடுத்து வந்து நம் வசதிக்கு ஒரு சாற்றில் வளர்க்கப் பார்த்தால் அது வளராமல் போகலாம், அதன் சொந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். கண்ணாடிச் சில்லுகளை அந்த மண்ணிலேயே புதைத்து வைத்து, பிறகு எடுத்து, அவற்றில் நுண்ணுயிர்கள் வளர்ந்து ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்தார். வளர்ந்திருந்தன. 1973 டிசம்பர் 10 அன்று, புதைத்துவைத்த மாதிரிகளை எடுக்க ஆஸ்கார்டு மலைத்தொடரில் தனியாகப் போனவர், பனிச்சரிவில் விழுந்து இறந்தார்.

அவர் சேகரித்து வைத்திருந்த பாறைத் துண்டுகள் மனைவி ஹெலன் மூலமாக ஃப்ளோரிடாவில் இருந்த இம்ரே ஃப்ரீட்மனிடம் போய்ச் சேர்ந்தன. ஃப்ரீட்மன் புடாபெஸ்டில் பிறந்தவர், பாசிகளில் வல்லவர். 1960களிலேயே இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் கல்லை உடைத்து, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பச்சைக் கோடுபோல நுண்பாசிகள் வாழ்வதைக் கண்டவர். அவர் மனைவி ரோசலி ஒகாம்போ-ஃப்ரீட்மன் மணிலாவில் பிறந்தவர். எதையும் வளர்க்கத் தெரிந்த கை அவருக்கு. மற்றவர்கள் முயன்று தோற்ற நுண்ணுயிர்களைக்கூட அவர் ஆய்வகத்தில் பொறுமையாக வளர்த்தெடுத்தார். இருவரும் அண்டார்க்டிகக் கற்களை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே பச்சை இருந்தது. 1976இல், வைக்கிங் செவ்வாயில் இறங்கிய அதே ஆண்டில், அந்தக் கண்டுபிடிப்பு ஆய்விதழில் வெளியானது.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் இறைவன் என்று நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. இங்கே படியளப்பது யார் என்று பார்த்தால் அது சூரியனும் கல்லும் சேர்ந்து செய்யும் வேலை.

பீக்கன் மணற்கல் என்பது அந்தப் பாறையின் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரை வைத்தவர் ஸ்காட்டின் அதே பயணத்தில் வந்த நிலவியலாளர் ஹார்ட்லி ஃபெரார். வெளிறிய நிறம், நுண்துளைகள் நிறைந்தது, மணிகள் ஓரளவு ஒளியை உள்ளே விடும். உடைத்தால் மேலே மெல்லிய ஓடு. அதன் கீழே ஒரு கறுப்புக் கோடு, அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே பச்சை. மொத்தம் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடும். பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டுயிரியான கற்பாசிதான் பெரும்பாலும் குடியிருப்பவர். வெளியே இலைபோலப் படர வேண்டியது, உடலைத் தொலைத்து மணல்மணிகளுக்கு இடையே இழைகளாகப் பிரிந்து கிடக்கிறது. கறுப்புக் கோடு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமி கொண்ட பூஞ்சையின் குடை. பச்சைக்கு அதற்கடியில் பத்திரமான மங்கல் வெளிச்சம் போதும்.

ஏன் உள்ளே? வெளியே இருக்க முடியாது என்பதால். கோடையில் வெயில் படும்போது கல்லின் மேற்பரப்பு உறைநிலைக்கு மேலே போகும். ஒரு காற்று வீசினால் சட்டென்று கீழே வரும். காற்று நின்றால் மறுபடி மேலே. நிமிடக் கணக்கில் பல முறை இப்படி உறைந்து உருகினால் எந்தச் செல்லும் தாங்காது. ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் இந்த ஆட்டம் அடங்கிவிடுகிறது. சுற்றியுள்ள காற்று மைனஸில் இருக்கும்போதே வடக்கு நோக்கிய சரிவில் இருக்கும் கல்லின் உட்புறம் பல மணி நேரம் இதமாக இருக்கும். தென் அரைக்கோளம் அல்லவா, வெயில் வடக்கில் இருந்துதான் வருகிறது. கல்லின் மேல் விழுந்த கொஞ்சம் பனி ஆவியாகும் முன் உருகி நுண்துளைகளில் இறங்கினால், அந்த ஈரம் உள்ளே நாள்கணக்கில் தங்கும். பள்ளத்தாக்கில் எங்கும் நிற்காத தண்ணீர் இந்த ஒரு விரலிடுக்கில் நிற்கிறது.

அப்படியும் கிடைப்பது சொற்பம். ஆண்டில் 8,760 மணி நேரம். அதில் கல்லுக்குள் உயிர் உண்மையாக இயங்கக்கூடிய நேரம் சில நூறு மணியில் இருந்து ஆயிரம் மணி வரைதான். ஈட்டும் கரிமத்தில் பெரும்பகுதி அடிக்கடி உறைந்து உருகும் சேதத்தைச் சரிசெய்யவே போய்விடுகிறது. இந்தச் சமூகத்தில் இருக்கும் கரிமம் ஒரு சுற்று புதுப்பிக்கப்பட ஆயிரக்கணக்கான ஆண்டுகள், சில கணக்குகளில் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல்கூட ஆகலாம். பூமியிலேயே மிக மெதுவாக வளரும் சமூகமோ என்று ஆய்வாளர்கள் கேட்டதில் வியப்பில்லை. கற்பாசி சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் மணல்மணிகளை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கும். காலப்போக்கில் மேல் ஓடு பெயர்ந்து விழும். அப்புறம் உயிர் இன்னும் ஆழமாக இறங்கிக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் பாறையில் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கும். அதுதான் அடையாளம். தெரிந்த கண்ணுக்கு மட்டும்.

இந்தக் கல்லில் இருந்து பிரித்தெடுத்த கிரையோமைசஸ் அண்டார்க்டிகஸ் என்ற கறுப்புப் பூஞ்சையை 2008இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிச்சுவரில் கட்டி ஒன்றரை ஆண்டு வைத்தார்கள். வெற்றிடம், கதிர்வீச்சு, எல்லாம். திரும்பிக் கொண்டுவந்தபோது செல்களில் ஒரு பகுதி உயிரோடு இருந்தது, வளரவும் செய்தது. செய்தித்தாள்கள் இதைச் செவ்வாயில் வாழக்கூடிய பூஞ்சை என்று எழுதின. நான் இதை அப்படிப் படிக்க மாட்டேன். அந்தப் பூஞ்சை விண்வெளியில் வாழவில்லை. வெளியில் தொங்கியபடி சாகாமல் காத்திருந்தது. சொந்த ஊரிலும் ஆண்டின் பெரும்பகுதி அது செய்வது அதைத்தான்.

மண்ணுக்கு வருவோம். கல்லுக்குள் பாசி ஒளியைத் தின்று வாழ்கிறது. ஆனால் திறந்த மண்ணில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் மிகக் குறைவு. அப்படியும் பல இடங்களில் பாக்டீரியா வகைகள் நிறையக் கிடைக்கின்றன. ஸ்காட்னீமா லிண்ட்சேயி என்ற ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இல்லாத உருளைப்புழு அவற்றை மேய்ந்து வாழ்கிறது. அந்த மண்ணில் யானை, புலி எல்லாம் அதுதான். இத்தனைக்கும் அடிப்படை உணவு எங்கிருந்து வருகிறது? பழைய ஏரிப் படிவு, காற்று அடித்து வரும் பாசித் துணுக்கு என்று பல விடைகள் சொன்னார்கள். எல்லாம் ஓரளவு உண்மை.

2017இல் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா ஃபெராரி, கிறிஸ் கிரீனிங் ஆகியோரின் குழு இன்னொன்றைச் சொன்னது. இது நடந்தது உலர் பள்ளத்தாக்குகளில் இல்லை, கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையோரத்தில் ராபின்சன் ரிட்ஜ், ஆடம்ஸ் ஃபிளாட் என்ற இரண்டு வெற்றுநிலங்களில். அங்குள்ள மண்ணில் இருந்த டிஎன்ஏவைப் படித்தபோது, அதிகமாக இருந்த பாக்டீரியாக்களிடம் காற்றில் இருக்கும் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் எரித்து ஆற்றல் எடுக்கும் நொதிகள் இருந்தன. அந்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவை உணவாக மாற்றும் நொதியும் இருந்தது. காற்றில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் அரைப் பங்கு. கார்பன் மோனாக்சைடு இன்னும் குறைவு. காற்றைக் குடித்து உயிர் வாழ்ந்த முனிவர்களைப் பற்றிப் புராணங்களில் படித்திருக்கிறோம்; இது அதைவிடக் கடுமையான விரதம். மண்ணை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தபோது காற்றில் இருந்த ஹைட்ரஜன் உண்மையிலேயே குறைந்தது. பிற்பாடு உலர் பள்ளத்தாக்குகளை ஒட்டிய மெக்கே பனியாற்றுப் பகுதி மண்ணிலும் இதே திறன் பரவலாக இருப்பது தெரிந்தது.

இந்த ஏற்பாட்டின் அழகு, அதற்கு வெயில் வேண்டாம் என்பது. காற்று எங்கும் இருக்கிறது, துருவத்தின் ஆறு மாத இருட்டிலும். ஹைட்ரஜனை எரித்தால் மிஞ்சுவது நீர் என்பதையும் கவனிக்கலாம், மிகச் சொற்பம் என்றாலும்.

இதுவரை வந்த கதையில் உயிர் வென்றுகொண்டே வந்தது. அதனால்தான் அடுத்து வந்த ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. யூனிவர்சிட்டி வேலி என்பது கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்னப் பள்ளத்தாக்கு. ஆண்டின் சராசரி மைனஸ் 23 டிகிரி. கோடையிலும் அங்கே காற்று உறைநிலையைத் தாண்டுவதில்லை. மண்ணுக்குள் பனி இருக்கிறது, ஆனால் அது உருகிய நீர் உறைந்து வந்தது இல்லை, காற்றின் ஈரம் ஆவியாக உள்ளே போய் நேராகப் படிந்தது. அதாவது அந்த மண் திரவ நீரையே பார்த்ததில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் கோர்டியல், லைல் வைட் ஆகியோர் அங்கே துளையிட்டு எடுத்த உறைமண்ணில் ஒரு கிராமுக்குச் சில ஆயிரம் செல்களே இருந்தன. சாதாரணத் தோட்டத்து மண்ணில் ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். அந்த இடத்தின் இயல்பான நிலைமைகளில் உயிர் இயங்குவதற்கான அறிகுறி எதையும் அளக்க முடியவில்லை. 2016இல் இதை வெளியிட்டார்கள். அதே பள்ளத்தாக்கின் மணற்கல் சுவர்களில் கல்லுக்குள் பாசி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுவரில் உயிர், தரையில் இல்லை. வெப்பமானிக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம், சுவரில் இருக்கும் கல் வெயிலை வாங்கிச் சில மணி நேரமாவது தண்ணீரை வைத்துக்கொள்கிறது.

2021இல் இன்னொன்று. தெற்கே ஷாக்கிள்டன் பனியாற்றை ஒட்டிய வெற்றுநிலங்களில் எடுத்த 204 மண் மாதிரிகளைக் கொலராடோ பல்கலைக்கழகக் குழு சோதித்தது. ஐந்தில் ஒரு பங்கு மாதிரிகளில் நுண்ணுயிர் டிஎன்ஏவைக் கண்டறியவே முடியவில்லை. உயரத்தில், உள்நாட்டில், உப்பு சேர்ந்து சேர்ந்து கெட்டிப்பட்ட பழைய மண்ணில்தான் இந்த வெறுமை அதிகம். ஹொரோவிட்ஸ் இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார். ஆனால் ஒரு கருவியால் கண்டறிய முடியவில்லை என்பது இல்லை என்பதாகாது. விஷ்னியாக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

இன்னொரு பக்கமும் சிக்கல்தான். டிஎன்ஏ கிடைத்துவிட்டது என்றால் உயிர் இருக்கிறது என்றாகுமா? சாதாரண மண்ணிலேயே கிடைக்கும் டிஎன்ஏவில் சராசரியாக 40 சதவீதம் செத்த செல்களுடையது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. குளிரும் வறட்சியும் டிஎன்ஏவைச் சிதையாமல் காக்கும் இடத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடலாம். காற்றில் அடித்து வந்து விழுந்து, ஒரு முறைகூடப் பெருகாமல், ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும் செல்லும் பட்டியலில் ஏறிவிடும். ஒரு ஊரின் மக்கள்தொகையைக் கணக்கெடுக்கப் போனவர் வீட்டில் இருப்பவர், தூங்குகிறவர், வழிப்போக்கர், இடுகாட்டில் இருப்பவர் எல்லாரையும் சேர்த்து எண்ணிய கதைதான்.

செவ்வாய்க்கு இதையெல்லாம் பொருத்திப் பார்க்கத்தான் நாசா முதலில் இங்கே வந்தது. 2008இல் செவ்வாயின் வடதுருவப் பக்கம் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம், மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது. அந்த உப்பு கலந்த நீர் மைனஸ் 50 டிகிரிக்குக் கீழேயும் திரவமாக இருக்க முடியும். ஆனால் டான் ஹுவான் குட்டையின் சிக்கல் அங்கேயும் உண்டு. யூனிவர்சிட்டி வேலியின் தரையில் உயிர் இயங்கத் திணறுகிறது என்றால், அதைவிடக் குளிர்ந்த, காய்ந்த, கதிர்வீச்சு மிகுந்த செவ்வாயின் மேல்மண்ணில் இன்று ஏதாவது வளர்ந்துகொண்டிருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். எப்போதோ ஈரமாக இருந்த காலத்தில் வாழ்ந்தது ஏதாவது உறைந்து கிடக்கலாம். அதைத் தேடுவது வேறு வேலை, அதற்குக் கருவிகளும் வேறு.

கடைசியாக, ஸ்காட் பார்த்த சீல். அவர் பார்த்தது ஒன்று, ஆனால் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கடலில் இருந்து வழிதவறி உள்ளே ஊர்ந்து வந்து, செத்து, அழுகாமல் காய்ந்து, நூற்றாண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பவை. நியூசிலாந்தின் கிரெய்க் கேரி, தென்னாப்பிரிக்காவின் டான் கோவன் ஆகியோரின் குழு, மையர்ஸ் பள்ளத்தாக்கில் சில நூறு ஆண்டுகள் பழமையான ஒரு சீலின் காய்ந்த உடலைத் தூக்கி, பக்கத்தில் எதுவுமே இல்லாத வெற்று மண்ணின் மேல் வைத்தது. இங்கே எல்லாம் நூற்றாண்டுகளின் வேகத்தில்தான் நடக்கும் என்பது அதுவரை எல்லாரும் எடுத்துக்கொண்ட விஷயம். இரண்டு ஆண்டுகளிலேயே அதன் அடியில் இருந்த மண்ணின் நுண்ணுயிர்ச் சமூகம் மாறிவிட்டது. அந்தச் சீல் முன்பு கிடந்த இடத்து மண்ணின் சமூகத்தைப் போலவே ஆகத் தொடங்கியிருந்தது. உடலில் இருந்து இறங்கிய சத்து பெரிய காரணமாகத் தெரியவில்லை. அது மேலே கிடந்ததால் மண் காற்றில் இருந்து மறைந்தது, வெப்பநிலை ஆட்டம் குறைந்தது, ஈரம் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது.